வாசல் பலகை

எங்கள் தெருப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கை. பேசாத பிள்ளையைத் தாளாளர் சேர்க்க மாட்டார் என்று பேச்சு. இஸ்திரி போடும் செங்கமலத்தின் மகள் துளசியோ வெளியாளிடம் வாயே திறக்க மாட்டாள். இந்த வருடமும் இடம் கிடைக்காவிட்டால், நாள் முழுக்க வண்டியடியில் கரி நெருப்புக்குப் பக்கத்தில்தான் கிடக்க வேண்டும்.

வரிசையில் நின்ற தாய்மார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"பேச்சு வர நாக்குல வசம்பு தேய்ச்சியாடி?" என்று பக்கத்து வீட்டுக்காரியான நானும் செங்கமலத்திடம் கேட்டேன். அவர்கள் முறை வந்ததும் துணைக்கு உள்ளே போனேன்.

"உன் பேர் என்ன? நாய்க்கு எத்தனை கால்?" என்றார் தாளாளர். துளசி பேசவில்லை. மிட்டாயை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஊமையா இது? பேச வச்சு அடுத்த வருஷம் கூட்டிட்டு வாம்மா."

செங்கமலம் கும்பிட்டாள்.

"ஐயா, உங்க வாசல் பலகைக்கு எதிரேதான் என் வண்டி. 'தெரியாதவரிடம் பேசாதே, எதையும் வாங்காதே'ன்னு எழுதி, கீழே தாளாளர்னு போட்டிருக்கு. தினமும் அதைத்தான் இவளுக்குப் படிச்சுக் காட்டுறேன். நீங்க யாருன்னு இன்னும் இவகிட்ட சொல்லலியே ஐயா?"

தாளாளர் மிட்டாயை மேசைமேல் வைத்தார். எழுந்து வந்து குனிந்தார்.

"என் பேர் சபாரத்தினம். இது என் பள்ளிக்கூடம்."

துளசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

"என் பேர் துளசி. நாய்க்கு நாலு கால். நான் ஊமை இல்ல."

தாளாளர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

துளசி நாக்கில் தேய்க்கலாம் என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த வசம்பை அவிழ்த்து, வாசலில் போட்டுவிட்டு வந்தேன்.