கதண்டுக்கு மூன்று லென்ஸ்

பூச்சிகளைப் படம் பிடிப்பதில் ரூபவதியை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆளில்லை. கொசு கொட்டாவி விட்டதையே படமெடுத்தவள் என்று பேச்சு. கொசு எங்கேயாவது கொட்டாவி விடுமா என்று கேட்டால், "அவ எடுத்த படத்துல விடுதே!" என்பார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது?

அவளுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்தொன்று. தணிகாசலம் என்று பெயர். முப்பது வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவர். சாப்பிட உட்கார்ந்தால்கூட இலையின் நான்கு எல்லையையும் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

அன்று சாயங்காலம் இருவரும் ஏரிக்கரைப் பனைமரத்துக்கு முப்பதடி தள்ளி நின்றார்கள். மரத்தில் குடம் அளவுக்கு ஒரு கதண்டுக் கூடு. கதண்டு, குளவிக்குப் பெரியப்பன். ஒரு தடவை யானையைக் கொட்டி, யானை மூன்று நாள் அழுததாகச் சொல்வார்கள். சுத்தப் பொய். இரண்டு நாள்தான் அழுதது.

இருட்டியதும் தீயணைப்பு வண்டி வந்து கூட்டைக் கொளுத்தப் போகிறது. கதண்டின் முகத்தைப் படம் முழுக்க எடுக்கவேண்டும் என்பது தணிகாசலத்தின் இரண்டு வருஷக் கனவு. இன்றைக்கு விட்டால் போச்சு. மரத்தடியில், விழுந்து வெடித்த பனம்பழத்தின் மேல் ஒரே ஒரு கதண்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

பையில், வாங்கும் முன் பழகிப் பார்க்க வாடகைக்கு எடுத்த மூன்று மேக்ரோ லென்ஸ்கள்: அறுபது, நூறு, நூற்றெண்பது மில்லிமீட்டர். எண் ஏற ஏற, பூச்சியைத் தள்ளி நின்றே பெரிதாக எடுக்கலாம்.

"டீச்சர், அறுபதா, நூறா, நூத்தியெண்பதா? எதை வாங்கட்டும்?"

"எத்தனாவது தடவை கேக்கறீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"அதையும் எண்ணி வெச்சிருக்கீங்களா!"

"எடை, கூர்மை, வெளிச்சம் எல்லாத்துக்கும் அட்டவணை போட்டிருக்கேன். ஒரு பார்வை பாருங்களேன்."

நோட்டைப் பார்க்காமல் அவள் பனம்பழத்தைக் காட்டினாள். "என்னை ஏன் கேக்கறீங்க? அதைக் கேளுங்க. முதல்ல அறுபதை மாட்டுங்க. மூடியைத் திறக்க வேணாம், முதல்ல தூரம் பழகுங்க. முகம் முழுசா வர எவ்வளவு கிட்டப் போகணும்?"

"அரைச் சாண்."

"போங்க சார்."

"கொட்டிச்சுன்னா?"

"நான் 'வாங்க'ன்னா அப்படியே பின்னால வாங்க. ஓடினீங்கன்னா மட்டும் என்னால காப்பாத்த முடியாது." கொட்ட வந்தால் அவர்மேல் போர்த்த, அவள் கையில் ஒரு கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

தணிகாசலம் படுத்து முழங்கையால் ஊர்ந்தார். ஒரு முழம் இருக்கும்போதே கதண்டு தின்பதை நிறுத்தியது. முன்னுடம்பைத் தூக்கி, இறக்கைகளை விறைத்தது. மேலே கூட்டின் வாயில் இன்னும் மூன்று தலைகள்.

"வாங்க."

பின்னாலேயே ஊர்ந்து வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"கை ஆடவே இல்லையே டீச்சர். எப்படிக் கண்டுபிடிச்சுது?"

"உங்க மூச்சு அது மூஞ்சில பட்டுச்சு. அட்டவணையில மூச்சுக்குக் கட்டம் இருக்கா?"

இல்லை.

நூறை மாட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை மூச்சை அடக்கினார். அறுபத்தொரு வயசு நெஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்? அடைத்து வைத்ததெல்லாம் ஒரேயடியாகப் புஸ்ஸென்று வெளியே வந்தது. கதண்டு எழும்பி அவர் காதை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்குக்கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்கும் அதற்கும் நடுவே அந்தக் கண்ணாடி மட்டும்தான்.

ரூபவதி "வாங்க" என்று சொல்லவில்லை. இப்போது அவர் அசைந்தால் அது கொட்டிவிடும்.

கதண்டு கண்ணாடியின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நடந்தது. அவரைப்போலவே அளந்து பார்த்தது போலும். பிறகு பனம்பழத்துக்கே திரும்பிப் போனது.

அவர் திரும்பி வந்தபோது சூரியன் ஏரித் தண்ணீரைத் தொட்டிருந்தது. நூற்றெண்பதை மாட்டினார்.

"போதும்னா விட்டுடலாம் சார்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். இந்தத் தடவை முகத்தைத் தோள் பக்கம் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டார். ஒரு சாண் தூரம்; இந்த லென்ஸுக்கு அதுவே போதும். கதண்டு தின்றுகொண்டே இருந்தது.

கேமராவுக்குள் ஒரே இருட்டு. தலையைத் தூக்கி, கேமராவுக்கு மேலாக வெறும் கண்ணால் பார்த்தார். மூடியைத் திறந்தால் டக்கென்று சத்தம் வரும். ஆனால் திறந்தால்தான் படம். விரல் மூடிக்குப் போயிற்று. எங்கோ வண்டியின் மணி கேட்டது. இன்னும் இரண்டு நிமிஷத்துக்குத்தான் வெளிச்சம்.

விரல் மூடியிலேயே இருந்தது. பிறகு இறங்கியது.

ஊர்ந்து வந்து எழுந்தார்.

"எடுத்தீங்களா?"

"மூடியைத் திறக்கல."

"நான் திறக்க வேணாம்னதாலயா?"

"அதில்ல டீச்சர். அதுக்கு இடப்பக்க மீசை பாதி ஒடிஞ்சிருக்கு. ஒவ்வொரு வாய்க்கும் அப்புறம் முன்னங்காலால மீசையைத் துடைச்சுக்குது. இல்லாத பாதியையும் சேர்த்துத் துடைக்குது. நடுவுல கெடுக்க மனசு வரல."

கரைமேல் சிவப்பு வண்டி திரும்பியது. ரூபவதி கம்பளியை மடித்தாள். அவர் நோட்டு தரையில் திறந்து கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"லென்ஸ்...?" என்றார், பழக்கதோஷம்.

"அது துடைச்சு முடிக்கிற வரைக்கும் உங்களை அங்க இருக்க விட்டது எதுவோ, அதை வாங்குங்க" என்றாள்.