ரயில் போகையில் சொன்னது

தண்டவாளத்தை ஒட்டிய அந்தத் தெருவில், ரயில் வந்தால் எல்லாரும் பாதிப் பேச்சில் நிறுத்துவார்கள். போனதும் கனவு கலைந்ததுபோல் மீதியைத் தொடர்வார்கள். இஸ்திரி போடும் செங்கமலத்தின் கைக்குழந்தைக்குத் தூக்கமே இல்லை. ரயில் இரைச்சலைத் தடுக்கச் சுவர் கேட்டு அவள் மனு கொடுத்ததற்கு ரயில்வே அதிகாரி வந்தார்.

“இங்க எங்கம்மா இரைச்சல் இருக்கு? சுவரெல்லாம் தேவையில்ல.”

ரயில் வந்தது. கொடியில் காய்ந்த துணிகள் மெல்ல மிதந்தன. தெரு மௌனமாக நிற்க, வழக்கம் தெரியாத அதிகாரி மட்டும் பேசிக்கொண்டே இருந்தார்.

ரயில் போனதும் செங்கமலம் கும்பிட்டாள். “சுவர் கட்டித் தர்றேன்னு சொன்னீங்களே, நல்லா இருப்பீங்க சார்.”

“நான் எங்கம்மா சொன்னேன்?”

“இப்பத்தான். தெருவே கேட்டுச்சு.”

தெரு தலையாட்டியது.

“அந்தச் சத்தத்துல என்ன கேட்டிருக்கும் உங்களுக்கு?”

“கேக்காத அளவுக்கு இரைச்சல்னா சுவர் கட்டுங்க சார். இரைச்சலே இல்லேன்னா, நீங்க சொன்னதா எங்க காதுல விழுந்தது சரி. அப்பவும் கட்டுங்க.”

அதிகாரி பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

“எவ்வளவு உயரம் வேணும்மா?”