கூப்பிட்டால் வராத புலி

பொதிகை மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் உலகம்மை அம்மையின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், ஒரு கிணறு, அவ்வளவுதான். அம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சொரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சங்கடம், அவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை.

சொரிமுத்து ஜமீன் அரண்மனையில் புலிக்கூண்டைப் பார்த்துக்கொண்டவர். ஜமீன் நொடித்துப்போனது. கூண்டிலிருந்த பெண்புலியைச் சுட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. மறுநாளே சொரிமுத்து கூண்டை வண்டியில் ஏற்றிவிட்டார். புலி வாடைக்கு மாடுகள் மிரண்டதால் எட்டு ஆட்கள் வண்டியை மடத்து வாசலுக்கு இழுத்து வந்தார்கள்.

"காட்டுக்குள்ள கொண்டுபோய்த் தொறந்து விடப்போறேன்மா. பதினோரு வருசம் கம்பிக்குள்ள கெடந்துட்டா. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அம்மை கூண்டைப் பார்த்தார். "பேரு என்ன?"

"ராணி."

"கூப்பிடுங்க, பாப்போம்."

சொரிமுத்து கூப்பிட்டார். புலி எழுந்து வந்து கம்பியில் கன்னத்தைத் தேய்த்தது. அவர் காதைச் சொறிந்துவிட்டார்.

"தள்ளி நில்லுங்க, அண்ணாச்சி." அம்மை தானே முன்னால் போய்க் கூப்பிட்டார். புலி அவரிடமும் வந்தது. அவருடைய வெறுங்கையை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

"என்னைய இதுக்கு முன்ன பாத்திருக்கா?"

"இல்லம்மா. மனுசக் கொரல் கேட்டாப் போதும், வந்துருவா. குட்டியில இருந்தே நான் அப்படித்தான் பழக்குனேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. அம்மை புலி மோந்த தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெருமை அவர் முகத்திலிருந்து தானாக இறங்கிப்போயிற்று.

"காட்டுலயும் ஆளுக நடமாட்டம் உண்டு" என்றார் சொரிமுத்து மெல்ல. "துப்பாக்கி வச்சிருக்கவன் கூப்பிட்டாலும் போவா."

மடத்துக்குப் பின்னால் இருந்த தோப்பைச் சுற்றி உயரமாகக் கல்சுவர் எழுந்தது. ஓடையில் ஒரு கிளையை உள்ளே திருப்பிவிட்டார்கள். ராணி பதினோரு வருடத்துக்குப் பிறகு மண்ணில் கால் வைத்தாள். சைவ மடத்துக்குச் செத்த மாடு வந்து இறங்குவதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரித்தவர்களையே அம்மை வண்டி தள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் மலைமேல் ஒரு புலி செத்தது. மாட்டை அடித்ததற்காக, அடிபட்ட மாட்டிலேயே யாரோ விஷம் தடவி வைத்திருந்தார்கள். மலையில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் அதன் குட்டியைக் கூடையில் கொண்டுவந்தார்கள். இரண்டு மாதக் குட்டி, தொட்டவர்களையெல்லாம் கீறிக்கொண்டிருந்தது.

"இதையாவது காட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியுமா, அண்ணாச்சி?"

சொரிமுத்து தோப்புப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். "முடியும்மா. ராணிக்கு என்னெல்லாம் செஞ்சேனோ, அதுல ஒண்ணையும் இதுக்குச் செய்யக்கூடாது."

ஓடைக்கு அந்தப் பக்கம் குட்டிக்குத் தனியாக வேலி கட்டினார்கள். சுற்றிலும் ஓலைத்தட்டி. சொரிமுத்து தட்டிக்கு வெளியே நின்று இறைச்சியை உள்ளே தள்ளுவார். பேசமாட்டார், முகம் காட்டமாட்டார். தட்டியில் இருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பார். அந்த ஓட்டை மட்டும் நாளாக ஆகக் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

ஐப்பசி மழையில் குட்டி படுத்துவிட்டது. மூன்று நாள் ஒன்றும் தின்னவில்லை. நான்காம் நாள் சொரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆட்டுப்பாலை விரலால் தொட்டு ஊட்டினார். வாய் சும்மா இருக்குமா? என் கண்ணு, என் தங்கம் என்று என்னென்னவோ சொன்னது.

குட்டி பிழைத்தது. பத்தாம் நாள், அவர் காலடிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து தட்டியில் கன்னத்தைத் தேய்த்தது.

ஒரு வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதுதான் காரணம். பிறகு பயம் வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்மா. என் சத்தம் கேட்டா வருது."

அம்மை அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

"சாக விட்டிருக்கணுமாம்மா?"

"அப்படி நான் சொல்லல. அன்னைக்கு நானா இருந்தாலும் எடுத்து மடியிலதான் போட்டிருப்பேன். இப்ப என்ன செய்யப்போறீங்க?"

அம்மை எழுந்து உள்ளே போனார். வயலில் பன்றி விரட்டுகிற தகர டின்னையும் கம்பையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"அம்மா, வேற யாரையாவது விட்டு..."

"வேற ஆளு விரட்டுனா உங்ககிட்டல்ல ஓடிவரும்?"

அவர் போனார். குட்டி அவரைப் பார்த்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. டின்னை அடித்தார். குட்டி இரண்டடி பின்னால் போய், விளையாட்டு என்று நினைத்து மறுபடி வந்தது. கல்லை எடுத்து எறிந்தார். தோளில் பட்டது. குட்டி சீறவில்லை. நின்று அவரையே பார்த்தது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அம்மை டின்னை வாசலில் எடுத்து வைத்திருந்தார்.

மாசி வரைக்கும் தினமும் போனார். ஒருநாள் மத்தியானம் அழுதுகொண்டே திரும்பி வந்தார்.

"இன்னைக்கு என் காலடி கேட்டதும் புதருக்குள்ள போயிருச்சும்மா. எட்டிப் பாத்தேன், பல்லைக் காட்டுது."

அம்மை அன்றைக்குத் தன் கையாலேயே அவருக்குப் பரிமாறினார்.

அதற்குப் பிறகு குட்டி ஆளைக் கண்டு ஒருநாளும் கிட்டே வரவில்லை. வேலிக்குள் விட்ட பன்றியைத் தானே அடித்துத் தின்னக் கற்றது. இரண்டு வயது முடிந்ததும், ஒரு காலையில் மலைப்பக்கத்து வேலியைப் பிரித்தார்கள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளியே வந்தது. வளர்ந்த ஆண்புலி. காற்றை மோந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மேலே பாறையில் நின்ற சொரிமுத்து தெரிந்தார். அம்மை எவ்வளவோ சொல்லியும் கடைசியாக ஒருதடவை பார்க்க வேண்டும் என்று அவர் வந்து நின்றிருந்தார்.

புலி காதை மடக்கியது. ஒரு சீறல். அடுத்த நொடி பள்ளத்தில் பாய்ந்து காட்டுக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

சொரிமுத்து இறங்கி வந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"நான் மடியில போட்டு வளத்த உசிரும்மா அது. ஆயுசுக்கும் என்னைய எதிரின்னுதானே நெனைக்கும்?"

"நெனைக்கட்டும், அண்ணாச்சி. நெனைக்கிற வரைக்கும் உசிரோட இருக்கும்."