சனிக்கிழமை திறந்த கடை

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். வெகு காலத்துக்கு முன், பேரீச்சை மரங்கள் சூழ்ந்த ஒரு நகரத்தை ஓர் அமீர் ஆண்டுவந்தார்.

அந்நகரத்துக் கடைவீதியில் மூன்று கடைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒன்றில் இத்ரீஸ் என்ற முஸ்லிம் அத்தர் விற்றார். அடுத்ததில் எஸ்ரா என்ற யூதர் பட்டுநூல் விற்றார். அதற்கும் அடுத்ததில் சிமியோன் என்ற கிறிஸ்தவர் செம்புப் பாத்திரம் விற்றார். வெள்ளிக்கிழமை இத்ரீஸ் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை எஸ்ரா கடை. ஞாயிற்றுக்கிழமை சிமியோன் கடை. மூடிய கடைக்கு மற்ற இருவரும் காவல்.

வீதி இப்படி அரைகுறையாகத் திறந்திருப்பது அமீருக்குப் பிடிக்கவில்லை. முரசறைவித்தார். வெள்ளிக்கிழமை தவிர வேறெந்த நாளும் கடையை மூடக்கூடாது. மூடினால் அது பக்கத்துக் கடைக்காரருக்குச் சொந்தம் என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொடங்கும் ஓய்வுநாளில் வியாபாரம் செய்ய எஸ்ராவின் மதத்தில் இடமில்லை. கடை போனால் போகட்டும் என்று முடிவு செய்து, அன்று பொழுது சாயுமுன் சாவியை இத்ரீஸிடம் கொடுத்தார்.

"யாருக்கோ போவதைவிட உங்களுக்கே போகட்டும்" என்றார்.

இத்ரீஸுக்குப் பிள்ளைகள் அதிகம். கடையோ இருவர் நின்றாலே மூச்சுமுட்டும். மனைவி சகீனா சாவியைப் பார்த்தாள். "நாம் பறிக்கவில்லையே, அவராகத்தானே கொடுத்தார்" என்றாள். இத்ரீஸுக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

பொழுது விடிந்தது. தம் கடையைச் சிமியோனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இத்ரீஸ் எஸ்ராவின் கடையைத் திறந்தார். நூல்கண்டுகளை எடுத்து அடுக்கினார். தாமே வியாபாரத்துக்கு உட்கார்ந்தார். காவலர் வந்தார்கள், கடை திறந்திருந்தது, போய்விட்டார்கள். இருட்டியதும் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். எஸ்ரா அதை வாங்கவே தயங்கினார்.

மறுநாள் சிமியோன் கடையை எஸ்ரா திறந்து உட்கார்ந்தார். காவலர் வந்தார்கள், கடை திறந்திருந்தது, போய்விட்டார்கள்.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. அடுத்த சனிக்கிழமை அமீரே வந்தார்.

"இது யார் கடை?"

"எஸ்ராவின் கடை, அமீரே."

"அவன் எங்கே?"

"பிரார்த்தனைக்குப் போயிருக்கிறார்."

"அப்படியானால் இது உனக்குச் சேர வேண்டிய கடை. நானே தருகிறேன். சாவியை ஏன் திருப்பிக் கொடுத்தாய்?"

இத்ரீஸ் எழுந்து நின்றார்.

"அமீரே, வெள்ளிக்கிழமை நான் தொழப் போகும்போது என் கடையை எஸ்ராவை நம்பித்தான் விட்டுப் போகிறேன். அவர் தொழப் போன நேரத்தில் அவர் கடையை நான் எடுத்துக்கொண்டால், எந்த முகத்தோடு பள்ளிவாசலில் போய் நிற்பேன்?"

அமீர் ஒரு நூல்கண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த வாரமே முரசு மறுபடியும் ஒலித்தது. அவரவர் புனித நாளில் அவரவர் கடையை மூடலாம் என்றது.

அடுத்தவருடைய வழிபாட்டைக் காப்பவரே தம் வழிபாட்டையும் காக்கிறார்.