அரசர் நடத்திய வழியனுப்பு விழா

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டின் அரசருக்குத் தாமரைக்குளம் வெட்டும் ஆசை வந்தது. அவர் காட்டிய இடத்தில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. மூன்று தலைமுறைக்கு முன் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நாட்டிலிருந்து பிழைக்க வந்த கூடை முடைவோர். அரசவை விகடகவி நக்கனும் அந்தத் தெருக்காரன்தான்.

“அக்கரைக்காரர்கள் தங்கள் நாட்டுக்கே போகட்டும். நக்கன் மட்டும் இருக்கட்டும், அவன் இல்லாமல் எனக்குச் சிரிப்பு வராது” என்றார் அரசர்.

நக்கன்மேல் பொறாமை கொண்ட அமைச்சர் பூதியார் எழுந்தார். “அரசே, ‘விரட்டுகிறோம்’ என்று பறையறைந்தால் ஊர் கொதிக்கும். ‘வழியனுப்பு விழா’ என்போம். நக்கனே அறிவிக்கட்டும்.”

மறுத்தால் தலை போகும். நக்கன் அறிவித்தான். விழா என்றதும் ஊரார் வெல்லமும் பூவும் கொண்டுவந்தார்கள். கோபப்பட ஒருவரும் இல்லை. அடுத்த தெரு எண்ணெய்க்காரர் சிரித்தபடி கையசைத்தார்.

“விழாவென்றால் முறை உண்டு அரசே. தாங்களே வாயால் விடைகொடுக்க வேண்டும்” என்றான் நக்கன்.

அரசர் படித்துறையில் நின்று, “போய் வாருங்கள்!” என்றார்.

நக்கன் ஒவ்வொரு பரிசலிலும் குனிந்து, “மூணு நாள் கழிச்சுத் திரும்பிடுங்க. ராசாவே வரச் சொல்லிட்டாரு” என்றான். அவனோடு ஒரே வீட்டில் இருந்த தங்கை சடைச்சி மட்டும் மூட்டையை இறுக்கிக்கொண்டாள்.

“இன்னிக்கு வான்னு சொல்றவரு, நாளைக்கு வேற சொல்லு கண்டுபிடிப்பாருண்ணே.”

ஆளில்லாத தெருவில் நக்கன் தனியாகச் சமைத்தான். பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்து, மிஞ்சியதை நாய்களுக்குப் போட்டான்.

நான்காம் நாள் காலை அரண்மனை வாசலில் கூட்டம். “போய் வந்தோம், அரசே!”

“அது வெறும் பேச்சுவழக்கு!” என்று கத்தினார் பூதியார்.

“விழா என்றதும் வெறும் பேச்சுதானா, அமைச்சரே? அப்படியானால் ‘விரட்டினோம்’ என்று பறையறையுங்கள். இப்போதே போய்விடுவார்கள்” என்றான் நக்கன்.

வெல்லம் கொடுத்த ஊராரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூதியார் அவர்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். “என் வாயாலேயே என்னைக் கட்டிவிட்டாயே!” குளத்தைக் கைவிட்டு, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை நக்கனுக்குப் போர்த்தினார்.

நக்கனும் சிரித்து வணங்கினான். தெருவுக்கு வந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். எல்லாரும் திரும்பியிருந்தார்கள். சடைச்சி மட்டும் இல்லை.

சால்வையை மடித்து வைத்துவிட்டுப் படித்துறைக்குப் போனான். அன்று வந்த கடைசிப் பரிசலும் காலியாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.