பாவாயம்மாள் வரப்பு

அர்த்தநாரி வாத்தியார் தன் குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். குருவான சாமி அவரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

அன்று காலை வாத்தியார் பன்னிரண்டு தாள்களைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தார். அவருடைய தாய் பாவாயம்மாள் காலமாகி நாலு நாளில் ஒரு வருஷம் முடிகிறது. எண்பத்தொன்பது வயதுவரை வயலில் கால் வைக்காத நாளில்லை அந்த அம்மாளுக்கு. நினைவு நாளுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிப்பதென்று வீட்டில் முடிவு. குடும்பத்தில் படித்தவர் இவர் ஒருவர்தான். எழுதும் வேலை இவர் தலையில் விழுந்தது.

சாமி நிதானமாகப் படித்தார்.

"அன்பின் சிகரம். தியாகத்தின் திருவுருவம். பொறுமையில் பூமாதேவி. நல்லா இருக்குதுங்க வாத்தியாரே."

"நெசமாவா சாமி?"

"எங்கம்மாவுக்கும் இதையேதான் போட்டாங்க. பேரை மட்டும் மாத்திக்கிட்டாப் போதும்."

வாத்தியாரின் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியலீங்க சாமி. மொதல் சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு நைலக்ஸ் சேலை எடுத்துக் குடுத்தேன். ரோஸ் கலர், வெள்ளைப் பூப் போட்டது. ஒரே ஒரு நாள் கட்டுனாங்க. அப்புறம் அதைக் கண்ணுலயே பாக்கலை. யாருக்குத் தூக்கிக் குடுத்தாங்களோ, கேக்க மனசு வரலை. நாப்பத்தஞ்சு வருஷமா அது உறுத்திட்டே இருக்குது. என்னை அவங்க ஒரு பொருட்டா நெனச்சாங்களான்னே தெரியாத நான், அவங்க வாழ்க்கையை எப்படிங்க எழுதறது?"

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"அவங்க வயலைப் பாக்கலாமுங்களா?"

டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

வயலில் தம்பி மனைவி மயிலாத்தாள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நட்டுப் பத்து நாளான நெல். வாய்க்காலிலிருந்து தண்ணீர் என்னவோ மடை வழியே வந்துகொண்டுதான் இருந்தது. வயலில் சேறுதான் தெரிந்தது.

"வாங்க சாமி. வாங்க மாமா. இந்தக் கூத்தைப் பாருங்க. காத்தால இருந்து பாயுது, ரெண்டு விரல் தண்ணி நிக்க மாட்டேங்குது. சாயங்காலம் வாய்க்காலை அடைச்சுருவாங்க. அப்புறம் எட்டு நாளைக்கு ஒரு சொட்டு கெடையாது."

"என்ன ஆச்சு அம்மிணி?" என்றார் வாத்தியார்.

"சொந்தக்காரங்க வர்றாங்க, அம்மா வயலு பளிச்சுன்னு இருக்கோணும்னு உங்க தம்பி ஆள் விட்டு வரப்பைச் செதுக்கினாருங்க. துருத்திக்கிட்டு இருந்த கந்தலையெல்லாம் அசிங்கமா இருக்குதுன்னு உருவிப் போட்டுட்டாங்க. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன். இருந்திருந்தா விட்டிருப்பனா?"

வரப்பு மூலையில் ஒரு குவியல் கிடந்தது. கொளுத்துவதற்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

சாமி அதன் பக்கத்தில் குந்தினார். "யாரோட கந்தலுங்க?"

"அத்தையோடதுங்க. நண்டு வளை, எலி வளை எதைப் பாத்தாலும் பழைய சேலையைக் கிழிச்சுத் திணிச்சு, மேல சேத்தைப் பூசிருவாங்க. விடிஞ்சதும் மொத வேலை அதுதான்."

சாமி ஒரு துணியை எடுத்து உதறினார். "இது?"

"பச்சைக் கரை. எம் பெரிய பையனுக்குத் தொட்டில் கட்டுனதுங்க."

"இது?"

"செவப்பு. எங்க மாமனார் தவறினப்புறம் அத்தை கலர்ச் சேலை கட்டலீங்க. பொட்டியில இருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா வரப்புக்கு வந்துருச்சு."

வாத்தியார் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குனிந்து குவியலின் அடியிலிருந்து ஒரு துணியை இழுத்தார். சேறு அப்பியிருந்தது. வாய்க்காலில் அலசினார். ரோஸ் நிறம். வெள்ளைப் பூக்கள் அப்படியே இருந்தன.

"அம்மிணி, இது எங்க இருந்துச்சு?"

"மடையோரத்துலீங்க மாமா. தண்ணி வந்து மோதற எடம். நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் மழைக்கு அந்த எடம் மூணு தடவை உடைஞ்சுது. அங்க மட்டும் நூல் சேலை வெச்சா ஆறு மாசத்துல மக்கிருது, நைலக்ஸ் மக்காது. ஒரு நாள் அத்தை பொட்டிக்கு அடியில இருந்து இதை எடுத்து மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. 'நழுவுதுன்னு கட்டலை, குடுக்கவும் மனசு வரலை'ன்னாங்க. அப்புறம் கிழிச்சுட்டாங்க."

"அழுதாங்களா?"

"அழுகறதா! சிரிச்சாங்க. வருஷா வருஷம் தண்ணி கட்டறப்ப அந்த எடத்தைக் காலால அமுக்கிப் பாத்துட்டு, 'பெரியவன் நிக்கறான், இனி பயமில்லை'ன்னுட்டுத்தான் அடுத்த வரப்புக்கே போவாங்க."

வாத்தியார் அழுதுவிட்டார். அறுபத்தெட்டு வயதில், வெட்டவெளியில், தம்பி மனைவி முன்னால். சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்ததும் வாத்தியார் அந்தத் துணியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சாமி, இதை நான் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு வெச்சுக்கட்டுமுங்களா?"

"வெச்சுக்கலாமே. வாய்க்காலை அடைக்கறதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

வாத்தியார் மடையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே வந்த தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகப் பக்கத்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவர் அந்தத் துணியோடு சேற்றில் இறங்கினார்.

மூவரும் மத்தியானம் முழுக்க வரப்பைச் சுற்றினார்கள். மயிலாத்தாள் இடம் சொன்னாள். சாமி துணி எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் திணித்துச் சேறு பூசினார். இரண்டு இடத்தில் அவர் பூசியது சரியில்லை என்று மயிலாத்தாள் பிடுங்கி மறுபடி பூசினாள். நண்டு ஒன்று வாத்தியாரின் விரலைக் கவ்வியது. அவர் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. மூவரும் சிரித்தார்கள்.

வாய்க்காலை அடைக்க ஆள் வந்தபோது வயலில் தண்ணீர் தேங்கி நின்றது. வாத்தியார் கடைசியாக மடையோரம் போய், அந்த இடத்தைக் காலால் அமுக்கிப் பார்த்தார்.

கரையேறி வந்ததும்தான் அவருக்குத் தாள்களின் ஞாபகம் வந்தது.

"சாமி, நாளைக்கு அச்சுக்குக் குடுக்கோணும். இனி என்னத்தைங்க எழுதறது?"

சாமி கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எந்த ஓட்டையில எந்தச் சேலைன்னு எழுதுங்க. அடுத்த வருஷம் வரப்புச் செதுக்க வர்றவங்களுக்கு உதவும்."