கேட்காமல் சொன்ன தீர்ப்பு

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மருதந்துறை என்றொரு நகரம் இருந்தது. அதை ஆண்ட அரசனின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அவன் நியமித்த நீதிபதி வெயினனின் கதை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெரியவர்களும் கேட்கலாம், பிள்ளைகளும் கேட்கலாம்.

வெயினன் கெட்டவன் அல்லன். கையூட்டு வாங்க மாட்டான். உறவு என்று பார்க்க மாட்டான். செல்வர் என்று அஞ்ச மாட்டான். ஆனால் தன்னைப் போல விரைவாகத் தீர்ப்புச் சொல்பவர் வேறெங்கும் இல்லை என்று ஒரு பெருமை மட்டும் அவனுக்கு இருந்தது.

கடைத்தெருவின் நடுவே கல்மேடையில் அவன் உட்காருவான். குற்றம் சாட்டுகிறவர் பேசுவார். பிறகு குற்றம் சாட்டப்பட்டவர் வாயைத் திறப்பார். “ஐயா, நடந்தது என்னவென்றால்...”

வெயினன் கையைத் தூக்குவான். “போதும். ஆற்றுக்கு அப்பால்!”

ஆற்றுக்கு அப்பால் என்றால் அக்கரையில் கிடந்த உவர் நிலம். அங்கே மரமும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. படகில் கொண்டுபோய் விடுவார்கள். அப்படி விடப்பட்டவர் திரும்பி வரக் கூடாது.

தீர்ப்பு நாட்களில் கடைத்தெருவில் திருவிழாக் கூட்டம் கூடும். அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார்கள். வெயினன் கையைத் தூக்கியதும் கூட்டம் மொத்தமும் “அப்பால்! அப்பால்!” என்று கத்தும். தோளில் இருக்கும் பிள்ளைகளும் கத்துவார்கள்.

வெயினனின் மனைவி ஆதிரைக்கு அது பிடிக்கவில்லை. “சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் மகள் கோதையும் தினம் போய் நிற்கிறாள்” என்றாள் ஒருநாள்.

“நிற்கட்டும். பார்த்தால்தான் பயம் வரும்” என்றான் வெயினன்.

நாளாக நாளாக ஊருக்குள் ஒரு பழக்கம் பரவியது. பள்ளியில் மாணவன் சந்தேகம் கேட்டால் ஆசிரியர் கையைத் தூக்கினார். வீட்டில் மனைவி ஒன்று சொல்ல வந்தால் கணவன் கையைத் தூக்கினான். வயதான தகப்பன் பேச வந்தால் மகன் கையைத் தூக்கினான். எங்கும் “போதும்” என்பதே பேச்சு. வெயினனின் காதுக்கு அது எட்டியபோது, நீதி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவன் உள்ளூர மகிழ்ந்தான்.

அந்த ஆண்டு கோதைக்குப் பத்து வயது. உப்புக் கிடங்குகளுக்குப் பின்னால் அவளும் அவள் தோழிகளும் விளையாடுவார்கள். உப்பு விற்கும் நங்கை என்பவளின் மகள் பூவையும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. எட்டு வயது, மெல்லப் பேசுகிற பெண்.

ஒருநாள் பிற்பகல் கோதையின் மரப்பாச்சியைக் காணோம். பூவை அதைத் தூக்கிக்கொண்டு போனதை மற்றொருத்தி பார்த்திருந்தாள். உடனே நீதிமன்றம் கூடியது. கோதை கவிழ்த்த கூடை மேல் நீதிபதியாக உட்கார்ந்தாள்.

“கோதை, நான் எதற்காக எடுத்தேன் என்றால்...” என்று பூவை தொடங்கினாள்.

கோதை கையைத் தூக்கினாள். “போதும்!”

“அப்பால்! அப்பால்!” என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் பூவையைத் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். சற்று நேரத்தில் திறந்துவிடுவதாகத்தான் எண்ணம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். கோதை திறந்திருப்பாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மற்றவர்கள் யாராவது திறந்திருப்பார்கள் என்று கோதை நினைத்தாள். மழை விடியும் வரை விடவில்லை. அந்த இரைச்சலில் பூவை கதவைத் தட்டியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

இரவெல்லாம் மழையில் தேடி அலைந்த நங்கை, விடிந்த பிறகுதான் மகளைக் கண்டெடுத்தாள். உப்புத் தூளில் உதடு வெடித்து, நினைவில்லாமல் கிடந்தாள் குழந்தை. தண்ணீர் தெளித்தார்கள், வைத்தியர் வந்தார், கண் திறந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், ஒரு சொல் வரவில்லை.

நான்காம் நாள் நங்கை கல்மேடைக்கு வந்தாள்.

“ஐயா, என் பெண்ணை உப்புக் கிடங்கில் போட்டு அடைத்துவிட்டார்கள். பிற்பகல் முதல் விடியும் வரை குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். இன்று வரை பேச்சில்லை. அடைத்தது யார் என்றால்...”

வெயினன் வழக்கம்போலக் கையைத் தூக்கினான். “போதும். குழந்தையை அடைத்தவர்கள் யாராக இருந்தாலும் சரி. அந்த வீடு முழுதும் ஆற்றுக்கு அப்பால்!”

“அப்பால்! அப்பால்!” என்றது கூட்டம்.

அடங்கும் வரை நங்கை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: “அது உங்கள் வீடு, ஐயா. அடைக்கச் சொன்னது உங்கள் மகள் கோதை. கூட விளையாடிய பிள்ளைகளே சொன்னார்கள்.”

 கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தார்கள். “குழந்தை விளையாட்டுத்தானே!” “என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டாமா?” “கேட்காமலா தீர்ப்புச் சொல்வது?” சற்று முன்பு கத்திய அதே வாய்கள்தான்.

வெயினன் மகளை அழைத்து வரச் சொன்னான். கோதை வந்து அவன் முன் நின்றாள்.

“அடைக்கச் சொன்னாயா, அம்மா?”

“சொன்னேன், அப்பா.”

“அந்தப் பெண் என்ன சொன்னாள்?”

“ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைத் தூக்கினேன்.”

“ஏன் தூக்கினாய்?”

கோதை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் குறும்பு இல்லை, எதிர்ப்பு இல்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

“நீதிபதி அப்படித்தானே செய்ய வேண்டும், அப்பா?”

வெயினன் மேடையருகே ஏடு எழுதும் எழுத்தரிடம் திரும்பினான். அவரிடம் கேட்டான்: “நான் அக்கரைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் தங்கள் பக்கத்தை முழுதாகச் சொல்லி முடித்தார்கள்?”

எழுத்தர் தலை குனிந்தார். “ஒருவரும் இல்லை, ஐயா.”

வெயினன் மேடையை விட்டு இறங்கினான். தரையில் நின்றே பேசினான்.

“கேட்காமல் சொன்னது தீர்ப்பாகாது என்கிறீர்கள். சரி. அப்படியானால் நான் இதுவரை சொன்ன எதுவும் தீர்ப்பாகாது. என் வீட்டுக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் கிடையாது. அக்கரையில் இருக்கும் ஒவ்வொருவரையும் இனிமேல் கேட்பேன். கடைசி ஆளைக் கேட்டு முடிக்கும் வரை நானும் அங்கேதான் இருப்பேன்.” பிறகு நங்கையிடம் திரும்பினான். “என் மகளை என்ன செய்யலாம், தாயே?”

“என் பெண் அன்று சொல்ல வந்ததை வந்து கேட்கட்டும்” என்றாள் நங்கை. “அவள் எப்போது சொல்கிறாளோ, அதுவரை வரட்டும்.”

அன்று மாலையே வெயினன் அக்கரைக்குப் போனான். ஆதிரையும் உடன் போனாள். கோதையை நங்கை தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

கோதை நாள்தோறும் பூவையின் பாய் அருகே உட்கார்ந்தாள். பூவை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. இரண்டாம் மாதம் ஒரு விடியற்காலை, சுவரைப் பார்த்தபடியே பூவை பேசினாள்.

“அதன் கால் உடைந்திருந்தது. ஒட்டிக் கொண்டுவந்து தரலாம் என்றுதான் எடுத்தேன்.”

கோதை அழுதாள். 

அக்கரையில் வெயினன் குடிசை குடிசையாகப் போனான். சிலர் அவன் முகத்தில் துப்பினார்கள். துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சிலர் உண்மையில் குற்றவாளிகள், அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பலர் அல்லர். அவர்களைப் படகேற்றி ஊருக்கு அனுப்பினான். இப்படி ஒன்றரை ஆண்டு போயிற்று.

கடைசிக் குடிசையில் எயினி என்ற பெண் தனியாக இருந்தாள். அவள் கணவன் கொற்றன் ஏரிக்கரையை வெட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன். வந்த முதல் கோடையிலேயே அவன் இறந்துபோனான்.

“அவர் இல்லை. நான் சொன்னால் கேட்பீர்களா?” என்றாள் எயினி.

“கேட்கத்தான் வந்தேன், அம்மா.”

“ஏரி நிரம்பிக் கரை பொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் கீழ்த்தெருப் பக்கம் உடைந்திருக்கும். வயல் பக்கம் வெட்டி விட்டார். பயிர் போயிற்று, உயிர் போகவில்லை. அதைத்தான் அன்று சொல்ல வந்தார்.”

“கீழ்த்தெருக்காரர்களுக்கு இது தெரியுமா?”

“எப்படித் தெரியும்? அன்று ‘அப்பால்’ என்று அதிகமாகக் கத்தியதே அவர்கள்தான்.”

 வெயினன் எழுந்து, எயினியின் பாத்திரங்களைத் தானே தூக்கிப் படகில் வைத்தான்.

துறையில் கோதை காத்துக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டும் அவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. அவளையும் ஆதிரையையும் எயினியையும் கூட்டிக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போனான். முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தவரிடம், “நான் வெயினன். நீங்கள் உயிரோடு இருப்பது கொற்றனால். அவனை நான் பேச விடவில்லை” என்று சொன்னான். அடுத்த வீட்டிலும் சொன்னான். அதற்கடுத்த வீட்டிலும் சொன்னான். தெருவில் மொத்தம் அறுபது வீடுகள். அறுபதிலும், மகள் கேட்கும்படி, ஒரு சொல் குறைக்காமல் சொன்னான்.

பெரியவர்கள் அன்றாடம் எப்படி நடக்கிறார்களோ, அதையே நியாயம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.